கால் வழியாகப் பிறந்தவள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் எங்கே கூடினாலும் இப்போது பேச்சு இடுப்பில்தான் வந்து நிற்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டால், அவள் தன் தண்டுவடத்து ஸ்கேனைப் பற்றி ஆரம்பிக்கிறாள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதே கட்சிதான். போன மாதம் குதிகால் வலி தாங்காமல் பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் மசாஜ் நிலையத்துக்குப் போனேன். ஏசி அறை, எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சங்கீதம், எலுமிச்சைப் புல் எண்ணெயின் வாசனை. அங்கே வேலை பார்க்கும் சின்னப் பெண் குப்புறப் படுக்கச் சொன்னாள். படுத்த பிறகுதான் தெரிந்தது, எனக்குக் கீழே படுக்கத் தெரியாது என்று. அவள் கை பட்ட இடமெல்லாம் நெளிந்தேன். உடம்பைத் தளர்த்தி விடுங்கக்கா என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நான் மேலே நின்று மிதித்தே பழகியவள் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு இறங்கிவிடும் என்பார்களே, அதற்கு இது பங்காளி முறை. நான் கால் வழியாகப் பிறந்தவள். திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கே அது தெரியும்.

அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினார். மண்டிக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிற இடத்தில் இடுப்புப் பிடிப்புக்குப் பஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுப்பார். அம்மா வேப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து சூடு பண்ணி ஒரு பித்தளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள். அப்பா அதை எடுத்துக் கை நிறைய அவர் முதுகில் தேய்ப்பார். அப்புறம் நான் ஏறுவேன்.

ஏறுவதற்கு ஒரு கயிறு இருந்தது. லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, உத்தரத்தில் கட்டி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார் அப்பா. முடிச்சைப் பிடித்துக்கொண்டால் என் கனம் முழுவதும் கீழே இறங்காது. கையைத் தளர்த்தத் தளர்த்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பதியும். முதுகெலும்பின் மேல் ஏறக்கூடாது. அதன் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி ஓடும் சதையில்தான் குதிகாலை வைக்க வேண்டும். இடுப்பில் தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். கடைசியில் வலி இருக்கிற இடத்தை இடது காலால் மூன்று தடவை தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்க வேண்டும்.

அந்த முதுகுகளை இப்போதும் என் பாதம் மறக்கவில்லை. மூட்டை உராய்ந்து உராய்ந்து காய்த்துப்போன தோள்கள், வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடரிகள். ஒருவர் முதுகு பலகை மாதிரி இருக்கும், எத்தனை மிதித்தாலும் இளகாது. இன்னொருவர் நான் ஏறியதுமே தூங்கிப்போய்விடுவார், குறட்டை என் உள்ளங்காலில் அதிரும். எழுந்திருக்கும்போது எல்லாரும் ஒரே மாதிரி இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இம்புட்டு நாளா எங்கே போயிருந்தே ஆத்தா என்பார்கள். கடலை மிட்டாய் தருவார்கள். இதையெல்லாம் சொல்லும்போது பெருமை வருகிறதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது பெருமை இல்லை, ஒரு நிலைகொள்ளாமை.

அதற்குக் காரணம் அப்பா சொல்லும் கதை. வருகிறவர்கள் எல்லாரிடமும் அவர் அதைச் சொல்வார், சிரித்துக்கொண்டே சொல்வார். முதல் இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதால், மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் பக்கத்து ஊரான எரியோட்டில் இருக்கும் தன் அண்ணனுக்குக் கொடுத்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. நான் பிறந்த அன்று அவர்கள் துணிமணியோடு வந்து வாசலில் நின்றார்களாம். உள்ளேயிருந்து மருத்துவச்சி வெளியே வந்து, கால் வழியாகப் பிறந்திருக்கிறது என்றாளாம். அப்பாவுக்கு அப்போதே இடுப்பு வலி தொடங்கியிருந்தது. வீடு தேடி வந்த வைத்தியக் காலை வெளியே விடுவதா என்று வாக்கை மாற்றிவிட்டாராம். கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்கிற கதையா இது என்று இப்போது கோபம் வருகிறது. அன்றைக்கு நான் அந்தச் சிரிப்புக்கு நடுவே முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, என் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வீட்டில் என்னை வைத்திருப்பது இவைதான் என்று எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

அதனால் என் கால் எனக்குச் சொந்தமாக இல்லை. நொண்டி விளையாடப் பயம், சுளுக்கிக்கொண்டால் என்ன செய்வது? செருப்பில்லாமல் ஓடப் பயம். அக்காமார் இரண்டு பேரும் அதே கயிற்றில் ஊஞ்சலாடுவார்கள், நான் வேடிக்கை பார்ப்பேன். படுத்தால் உள்ளங்கால் குறுகுறுக்கும். ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டே கிடப்பேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். டீச்சர் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்காமலே இருந்தது. அம்மா ஒரு நாளும் என்னை மிதிக்கச் சொன்னதில்லை. அந்த நாளில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. குழாயடியில் காத்துக் கிடந்து, குடங்களை இடுப்பில் ஏற்றிக் கொண்டுவந்து, நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படும்மா, நான் ஏறுறேன் என்பேன். எனக்கு வேண்டாம் என்று விருட்டென்று போய்விடுவாள். என் கால் மேல் அவளுக்கு என்ன வெறுப்பு என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் அப்பா விழுந்தார். லாரிக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகையில் வெங்காய மூட்டையோடு ஏறும்போது கால் வழுக்கியிருக்கிறது. தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கூட்டி வந்தார்கள். இடுப்பிலிருந்து வலது கால் கட்டைவிரல் வரைக்கும் தீ வைத்த மாதிரி எரிகிறது என்றார். கூட வந்தவர்கள் யாரும் கவலைப்படவில்லை. வைத்தியர் வீட்டுக்குள்ளேயே இருக்காங்கல்ல என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றே ஏறினேன். என் குதிகால் பட்டதும் அப்பா பாயின் விளிம்பைப் பிடித்துக் கடித்தார். அவர் கத்தவில்லை. ஆனால் அவர் முதுகு முழுவதும் எனக்கடியில் துடித்தது. மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாளும். எண்ணெயை மாற்றிப் பார்த்தார்கள், செவ்வாய்க்கிழமை மிதித்தால் நல்லது என்றார்கள், கிழக்கே தலை வைத்துப் படுக்கச் சொன்னார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பல் தேய்க்க எழுந்து உட்காரக்கூட அவரால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வளர வளர ராசி குறைஞ்சிரும் போல என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

சேதி கேட்டுப் பெரியப்பாவும் பெரியம்மாவும் எரியோட்டிலிருந்து வந்தார்கள். பழனிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வாங்கிய ஆயக்குடிக் கொய்யாப்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்கள். பெரியம்மா கெட்டவள் இல்லை. அதை இப்போது சொல்ல முடிகிறது. பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, என் வாயில் ஊட்டினாள். என் பாவாடையில் பிரிந்திருந்த தையலை விரலால் நீவி நீவிச் சேர்த்துப் பிடித்தாள். எல்லார் முன்னாலும் என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அந்த மடி மெத்தென்று இருந்தது, கொய்யாப்பழ வாசனை அடித்தது. நான் அதிலிருந்து இறங்குவதற்காக நெளிந்துகொண்டே இருந்தேன்.

பெரியப்பா நேராகவே பேசினார். அடுப்பு எரிய வேண்டும், மூன்று பிள்ளைகளும் படிக்க வேண்டும், மண்டிக்கு எப்போது போவாய் என்பது தெரியாது. சின்னவளை நாங்கள் கூட்டிக்கொண்டு போகிறோம், அங்கேயே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பா படுத்தபடியே உத்தரத்தைப் பார்த்தார். கயிறு ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"செத்த பொறுண்ணே. வெள்ளிக்கிழமை ஒரு தடவை மிதிக்கட்டும். எந்திரிச்சிட்டேன்னா அவ இங்க இருக்கட்டும்" என்றார்.

எந்திரிக்காவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுத்தில் கொண்டுவர முடியாது. பாதத்துக்கு மஞ்சள் பூசினேன். வெந்நீரில் ஊற வைத்தேன். மாரியம்மன் கோயிலைச் சுற்றி வந்து, பலிக்க வை என்று வேண்டிக்கொண்டேன். அக்காமாரின் தலையணைகளை அடுக்கி அவற்றின் மேல் மிதித்துப் பழகினேன். பெரிய அக்கா மட்டும், எரியோட்டுக்குப் போனால் நல்ல சாப்பாடுடீ என்று சொல்லிப் பார்த்தாள். அவளைக் கடித்துவிட்டேன்.

அம்மாவும் அதே அளவுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துவிடுவாள். குடத்தோடு வாசல் வரைக்கும் போய் வெறுமனே திரும்பி வருவாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினாள். வீட்டில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் அவளே கிளம்பிப் போனாள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபி அம்மா ஒருவரிடம் நின்று, வீட்டுக்காரருக்கு இப்படி இப்படி இருக்கிறது, கட்டைவிரல் மரத்துப்போகிறது, பிள்ளை மிதிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா பதறிப்போனாராம். முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது போலிருக்கிறது, இனி ஒரு தடவை மிதித்தால்கூட அந்தக் கால் விளங்காமல் போகலாம், உடனே கூட்டி வா என்றாராம்.

இதெல்லாம் தெரியாமல் இங்கே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மண்டியில் அப்பாவோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் வந்து அவரைக் குப்புறத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பெரியப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். நான் கயிற்றைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி அப்பாவின் இடுப்பில் வைத்துவிட்டேன். மற்றதைத் தூக்குவதற்குள் அம்மா வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், சேலை முந்தானை தரையில் இழுபட்டது.

"எறங்குடி" என்றாள்.

எறங்காத, மிதி ஆத்தா என்றார் அப்பா கீழேயிருந்து. நான் இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் அப்பா மேலுமாக நின்றேன். நரம்பு, வட்டு என்று அம்மா கேட்டு வந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னாள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டாக்டருங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும், கால் வழியாப் பொறந்தவ மிதிச்சா ஒண்ணும் ஆகாது என்றார். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு நான் கண்ட பயத்தை அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் கண்டதில்லை.

"அவ கால் வழியாப் பொறக்கல. தலை வழியாத்தான் பொறந்தா. மருத்துவச்சி கையப் பிடிச்சுக் கெஞ்சி நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். பிள்ளையத் தூக்கிட்டுப் போக வாசல்ல வந்து நிக்கிறாங்க, நான் வேற என்ன செய்வேன்?"

பெரியம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மெல்லத் தரையில் வைத்தாள். என் கால் அப்பாவின் முதுகிலிருந்து தானாகவே வழுக்கி இறங்கியது. பாயில் அழுந்திய வாயோடு அப்பா கேட்டார்:

"அப்ப இத்தன வருசமா எல்லாருக்கும் எப்படிக் கேட்டுச்சு?"

"அது எனக்கென்ன தெரியும்" என்றாள் அம்மா.

எனக்கு இப்போது ஓரளவு தெரியும், நீங்களும் உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டிருப்பீர்கள். உழைத்து இறுகிய சதைக்குச் சூடான எண்ணெயும் மெல்ல ஏறும் ஒரு பிள்ளையின் கனமும் இதமாகத்தான் இருக்கும். இறுக்கம் தளரும், ரத்தம் ஓடும். வாரம் முழுவதும் நிமிராத ஆள் செத்த நேரம் அசையாமல் படுத்திருந்தாலே பாதி வலி போய்விடும். அதற்கு யார் எப்படிப் பிறந்தால் என்ன? நரம்பு மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் அது செல்லாது. அன்றைக்கு இந்த விளக்கம் எனக்குக் கிடைத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. என் கால் வெறும் கால் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் அங்கே, அப்புறம் வீட்டில். சூடான ஒத்தடம், குப்புறப் படுத்து மார்பை மட்டும் மெல்லத் தூக்கும் பயிற்சி, நடை. இடுப்பின் பக்கவாட்டுச் சதையை உள்ளங்கையால் மட்டும் மெதுவாக நீவிவிட அந்த பிசியோதெரபி அம்மா என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா உத்தரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் இறைக்க ஆகும் என்று கிணற்றடி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாள். ஆனால் ஊர் நம்பவில்லை, அதுதான் வேடிக்கை. அம்மா சொன்னது தெரு முழுக்கப் பரவிய பிறகும் மண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார்கள். பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்னு மறைக்கிறாங்க என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அம்மா அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அப்பா மட்டும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டவில்லை, சிரிக்கவில்லை, அந்தப் பழைய கதையையும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னைத் தின்றது. பெரியப்பா போகும்போது, பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பஸ் ஹாரன் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். என் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைப்பேன், மறுபடி பிரித்துப் போடுவேன். அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவளே என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தேவிட்டார்கள். இந்தத் தடவை பழத்தோடு சின்னாளப்பட்டிச் சுங்குடித் துணியில் தைத்த புதுப் பாவாடை ஒன்றும் வந்தது. எனக்கு அளவு சரியாக இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அப்பா அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். பயிற்சி முடித்துக் குப்புறப் படுத்திருந்தார். பெரியப்பா பேச்சைத் தொடங்குவதற்குத் தொண்டையைச் செருமினார்.

அப்பா முகத்தைத் திருப்பாமல் என்னைக் கூப்பிட்டார். முதுகில் வேண்டாம், உள்ளங்காலில் ஏறி நின்று மிதித்துவிடு, அது தப்பில்லை என்று அந்த ஆஸ்பத்திரி அம்மாவிடம் கேட்டுவிட்டேன் என்றார். நான் அசையவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"அப்பா, நான் தலை வழியாத்தான் பொறந்தேன்" என்றேன்.

"தெரியும். ஏறு ஆத்தா."

ஏறினேன். கயிறு இல்லாததால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் குதிகால் வெடிப்பு என் உள்ளங்காலில் குத்தியது. அவர் கால் சூடாக இருந்தது. பெரியப்பா பக்கம் திரும்பாமலே, இவ இங்கினயே இருக்கட்டும்ணே என்றார். பெரியம்மா அந்தப் புதுப் பாவாடையை மடித்து என் பக்கமாக வைத்தாள். அப்புறம், பாவாடையை அவளே வச்சுக்கிரட்டும் என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு வெங்காயம் உரிக்க எழுந்து போனாள். மெதுவா, மெதுவா என்று அப்பா கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் மிதிக்கவே இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன்.